நான் 61 பேசுகிறேன்

நான் ஒரு பகா எண். 1-ஐயும் என்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் என்னை மீதியில்லாமல் வகுக்க முடியாது. எனக்கு இன்னொரு பெயரும் உண்டு: ‘பிள்ளை பகா எண்’. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் நம்ம நாகர்கோவிலில் படித்தவர் என்றால் நம்புவீங்களா? அவர் கதையைக் கேளுங்க.

எஸ்.எஸ். பிள்ளை என்ற சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை 5.4.1901-ல் குற்றாலம் பக்கத்தில் வல்லம் என்ற ஊரில் பிறந்தார். பச்சைக் குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தார். செங்கோட்டையில் பள்ளிக்கூடம் போனார். பள்ளிப்படிப்பு முடியும் முன்பே அப்பாவும் இறந்துபோனார். படிப்பு நின்றுபோக வேண்டிய நேரம் அது. சாஸ்திரியார் என்ற ஆசிரியர்தான் பண உதவி செய்து படிக்க வைத்தார். அந்த ஒரு வாத்தியார் இல்லையென்றால் எனக்கு இந்தப் பெயரே இல்லை!

அடுத்து நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி. பிறகு திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. 1927-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பணி.

இனி என் விஷயத்துக்கு வாறேன். பேப்பர், பேனா எடுத்துக்கோங்க.

1 முதல் 5 வரை பெருக்கினால் 120. ஒண்ணு கூட்டினால் 121. அதாவது 11 × 11. இந்த 11-ஐ 5-ஆல் வகுத்தால் மீதி 1.

1 முதல் 6 வரை பெருக்கி ஒண்ணு கூட்டினால் 721. அது 7 × 103. இரண்டையும் 6-ஆல் வகுங்க. மீதி 1 தான்!

1 முதல் 7 வரை என்றால் 5041. அது 71 × 71. 71-ஐ 7-ஆல் வகுத்தாலும் மீதி 1.

எந்த எண் வரை பெருக்கினாலும் இப்படித்தான் வருமா என்று பிள்ளை ஒரு கேள்வி எழுப்பினார்.

8-ல் நான் குறுக்கே நிற்கிறேன்! 40320 + 1 = 40321 = 61 × 661. என்னை 8-ஆல் வகுத்தால் மீதி 5. என் கூட்டாளி 661-க்கும் மீதி 5.

ஆக, பதில் ‘இல்லை’. ஆனாலும் கேள்வி வீணாகவில்லை. இப்படி முரண்டு பிடிக்கிற பகா எண்களுக்கெல்லாம் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். எங்களில் சின்னவன் 23. பெரியவன் யார் என்று மட்டும் கேட்காதீங்க. எங்க கூட்டத்துக்கு முடிவே கிடையாது என்று பின்னால் வந்தவர்கள் நிரூபித்துவிட்டார்கள்.

1940-ல் பிள்ளை இன்னொன்று நிரூபித்தார். எந்த இயல் எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் படி எண்களின் கூட்டலாக எழுதிவிடலாம். 703-க்கு அந்த 73-ம் முழுசா வேணும் (பத்து 64, அறுபத்துமூணு 1).

பிறகு திருவிதாங்கூர், கல்கத்தா பல்கலைக்கழகங்களில் வேலை பார்த்தார். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனம் அவரை அழைத்தது. போகும் வழியில், 31.8.1950-ல், எகிப்தில் கெய்ரோ அருகே விமானம் விழுந்து இறந்தார். வயது 49.

நண்பர்களே, வகுப்பில் கேள்வி கேட்கக் கூச்சப்படாதீங்க. விடை ‘இல்லை’ என்று வந்தாலும் நல்ல கேள்வி நிலைத்து நிற்கும். அதற்கு நானே சாட்சி.

உங்களுக்கு ஒரு புதிர்: 1 முதல் 9 வரை பெருக்கி ஒண்ணு கூட்டினால் 362881 = 19 × 71 × 269. இந்த மூவரில் 9-இடம் முரண்டு பிடிப்பவர் யார் யார்? கண்டுபிடித்து உங்கள் கணக்கு ஆசிரியரிடம் சொல்லுங்க!