உழைப்பாளர் நலம் காத்த அறிஞர்

நாமக்கல் மாவட்டத்தில் உயர்ந்தோங்கி நிற்பது கொல்லிமலை. சங்க காலத்தில் வல்வில் ஓரி என்னும் வள்ளல் ஆண்ட மலை இதுவே. பலாவும் மிளகும் தேனும் விளையும் இம்மலையில் பாக்சைட்டு என்னும் கனிப்பொருளும் உண்டு. அலுமினியம் இக்கனிப்பொருளிலிருந்தே பெறப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கு வெட்டியெடுக்கப்பட்ட பாக்சைட்டு மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அனுப்பப்பட்டது.

நிலத்தை அகழ்ந்து கனிப்பொருள் எடுக்கும் தொழில் இடர் மிக்கது. பாறை சரிவதுண்டு, வெடி தவறுவதுண்டு, நாள்தோறும் சுவாசிக்கும் தூசு நுரையீரலைக் கெடுப்பதுண்டு. இவ்விடர்களினின்று தொழிலாளரைக் காப்பது யாருடைய கடமை? அதனைத் தொழில் நடத்துவோரின் இரக்கத்துக்கே விட்டுவிடலாமா? அன்றி, அரசு முன்வந்து ஆணையிடவும் துணைபுரியவும் வேண்டுமா? இவ்வினாக்களுக்கு நம் நாட்டில் செயலால் விடை கண்ட பெருமக்களுள் ஒருவர் டாக்டர் பீமராவ் அம்பேத்கர். அரசியலமைப்புச் சட்டத்தின் வரைவுக்குழுத் தலைவராக அவரை அனைவரும் அறிவர். நாட்டின் தொழிலாளர் துறையை நான்கு ஆண்டுகள் பொறுப்பேற்று நடத்தியவர் அவர் என்பதை அறிந்தோர் சிலரே.

அம்பேத்கர் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் மாவ் என்னும் படைநகரில் பிறந்தார். தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதாராகப் பணியாற்றியவர். தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட மகர் குலத்திற் பிறந்தமையால், பள்ளியில் சிறுவன் பீமராவ் தனியே அமர நேர்ந்தது. தாகம் எடுத்தபோதும் நீர்க்குடத்தைத் தொட அவனுக்கு உரிமை இல்லை. எனினும் அவன் கற்பதை நிறுத்தவில்லை. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் அளித்த உதவித்தொகையால் அமெரிக்கா சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்றார்; பின்னர் இலண்டனில் பொருளாதாரமும் சட்டமும் கற்றுத் தேர்ந்தார்.

உயர்ந்த பட்டங்களைப் பெற்ற பின்னரும் அவர் பம்பாயில் ஆலைத்தொழிலாளர் மிகுந்து வாழும் பரேல் பகுதியில் சிறிய குடியிருப்பொன்றில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். தொழிலாளரின் துன்பத்தை அவர் நூல்களில் மட்டும் படிக்கவில்லை. அண்டை வீடுகளில் நாள்தோறும் கண்டார். பஞ்சாலைகளில் கூலி மிகுந்த பிரிவு நெசவுப் பிரிவு. ஆனால் அங்கே ஒடுக்கப்பட்ட மக்களுக்கு இடமில்லை. அக்காலத் தறியில் ஊடைநூல் தீர்ந்தபோதெல்லாம், புதிய நூலை நாடாவின் துளைவழியே வாயால் உறிஞ்சி இழுப்பது வழக்கம். ஒடுக்கப்பட்டோர் வாய் வைத்த நாடாவைத் தொட மற்றவர் மறுத்தனர். நோய் பரப்பும் இம்முறையே ஒரு கேடு. அம்முறையைக் காரணம் காட்டி, ஒரு கூட்டத்தார்க்குத் தொழில் கற்கும் வாய்ப்பையே மறுத்தது அதனினும் பெரிய கேடு. 1928-ஆம் ஆண்டு பம்பாய் ஆலைகளில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தபோது, இத்தடையை நீக்குமாறு அம்பேத்கர் தொழிலாளர் தலைவர்களை வற்புறுத்தினார். தொழிற்பயிற்சி என்பது கூலியை மட்டுமன்று, மனிதனின் மதிப்பையும் உயர்த்துவது என்னும் உண்மை அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

1936-இல் அவர் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1942-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அப்போது இரண்டாம் உலகப்போர் மூண்டிருந்தது. ஆலைகள் இரவும் பகலும் இயங்கின. உற்பத்தி பெருகப் பெருக, விபத்துக்கான வாய்ப்பும் பெருகிற்று.

பதவியேற்ற சில நாட்களிலேயே, ஆகஸ்டுத் திங்களில், புதுதில்லியில் முத்தரப்புத் தொழிலாளர் மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். அரசு, முதலாளிகள், தொழிலாளர் ஆகிய மூன்று தரப்பினரும் ஒரே அவையில் கூடினர். முதலாளியை ஒதுக்கிவிட்டுத் தொழிலாளர் நலத்தை வளர்க்க இயலாது. தொழிலாளரைக் கேளாமல் அவர்க்கு நலம் செய்தலும் முறையாகாது. இதனை உணர்ந்தே, மூவரும் தொடர்ந்து கூடி ஆராய்வதற்கு நிலையான அமைப்பும் ஏற்படுத்தப்பட்டது.

1943-ஆம் ஆண்டு டிசம்பரில் அம்பேத்கர் தன்பாத் பகுதியின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்றார். அலுவலகத்தில் அமர்ந்து அறிக்கை படிப்பதோடு அமையாமல், தாமே சுரங்கத்தினுள் இறங்கி, நிலக்கரி வெட்டப்படும் முறையைக் கண்டார். தொழிலாளர் குடியிருப்புகளையும் பார்வையிட்டார்.

அவ்வாண்டில் அரசுக்கு ஒரு கடுஞ்சோதனையும் நேர்ந்தது. பெண்கள் சுரங்கத்தின் அடியில் வேலை செய்தல் முன்னரே தடுக்கப்பட்டிருந்தது. போருக்கு நிலக்கரி போதாமையால் அரசு அத்தடையைத் தளர்த்தியது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அம்பேத்கரும் அவ்வரசின் உறுப்பினரே ஆதலால், சட்டசபையில் விடையளிக்கும் பொறுப்பு அவரைச் சார்ந்தது. அதனைப் போர்க்கால நெருக்கடியால் நேர்ந்த தற்காலிக ஏற்பாடு என்றே அவர் விளக்கினார். பெண்களுக்கு ஆண்களுக்கு நிகரான கூலி உண்டென்பதையும் எடுத்துரைத்தார். போர் முடிந்தபின், 1946-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது. நெருக்கடி வரும்போது முதலில் பறிபோவது எளியோரின் பாதுகாப்பே என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

இந்நிலையில் 1944-இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதி தோற்றுவிக்கப்பட்டது. சுரங்கத்திலிருந்து வெளியேறும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் ஒரு சிறு தீர்வை தண்டப்பட்டது. அத்தொகை மருத்துவம், குடிநீர், வீட்டுவசதி முதலிய பணிகளுக்குச் செலவிடப்பட்டது. 1947-இல் இந்நிதிக்கு நிலையான சட்டம் அமைந்தது. அதன்படி, ஒப்புதல் பெற்ற நலத்திட்டங்களை நடத்தும் சுரங்க உரிமையாளர்க்கும் நிதியிலிருந்து உதவித்தொகை அளிக்க வழி உண்டாயிற்று. கடமையைச் செய்ய மறுப்பவனைச் சட்டம் தண்டிக்கும். செய்ய முன்வருபவனுக்கு அரசு தோள் கொடுக்கும். இவ்விரண்டும் சேர்ந்தாலன்றிப் பாதுகாப்பு முழுமையடையாது. தன்பாத்திலும் அசன்சோலிலும் இந்நிதியால் பெரிய மருத்துவமனைகள் பின்னர் எழுந்தன.

தொழிற்பயிற்சியிலும் அம்பேத்கரின் துறை கருத்துச் செலுத்தியது. 1940-இல் தொடங்கிய தொழில்நுட்பப் பயிற்சித் திட்டத்தின்கீழ் இளைஞர் பலர் பிட்டர், டர்னர், வெல்டர் முதலிய வேலைகளைக் கற்றனர். பயிற்சி பெற்றவரையும் அவரை நாடும் தொழிற்சாலைகளையும் இணைக்க வேலைவாய்ப்பு நிலையங்கள் தோன்றின. 1945-இல் தொழிற்சாலைகளின் தலைமை ஆலோசகர் அலுவலகம் ஏற்பட்டது. குற்றம் காண்பதோடு நில்லாமல், பாதுகாப்புக்கான வழிகளையும் கூறுவது அதன் பணி. களைத்த உடலும் விபத்துக்குக் காரணமாதலின், தொழிற்சாலைகளில் வார வேலைநேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கும் மசோதாவை அவர் கொண்டுவந்தார். அது 1946-இல் சட்டமாயிற்று.

அவ்வாண்டிலேயே அவர் அப்பதவியினின்று விலகினார். ஆயினும் அவர் காலத்தில் ஊன்றப்பட்ட விதைகள் விடுதலைபெற்ற இந்தியாவில் பயன் தந்தன. ஜகஜீவன்ராம் தொழிலாளர் அமைச்சராய் இருந்தபோது, 1948-இல் தொழிற்சாலைகள் சட்டமும் தொழிலாளர் காப்புறுதிச் சட்டமும் நிறைவேறின. 1952-இல் சுரங்கச் சட்டம் வந்தது. அதன் வழியே தன்பாத்தின் ஆழ்சுரங்கத்துக்கும் கொல்லிமலையின் திறந்த சுரங்கத்துக்கும் ஒரே சட்டம் காவலாயிற்று. புதிதாக வருபவர்க்குப் பயிற்சி அளித்த பின்னரே சுரங்கத்தில் வேலை தரவேண்டும் என்னும் நோக்குடன் 1966-இல் தனி விதிகளும் வகுக்கப்பட்டன. தொழிற்சாலைச் சட்டத்தையும் சுரங்கச் சட்டத்தையும் ஒருங்கிணைக்கும் தொகுப்புச் சட்டம் 2020-இல் இயற்றப்பட்டது. தலைமை ஆலோசகர் அலுவலகம் வளர்ந்து விரிந்து, சென்னையிலும் தொழிலாளர் ஆய்வுநிலையம் ஒன்றை அமைத்துத் தொழில் நடத்துவோர்க்கும் தொழிலாளர்க்கும் பயிற்சி அளித்து வருகிறது.

அம்பேத்கர் 1956-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் மறைந்தார். நீர்க்குடத்தைத் தொடும் உரிமையற்று வளர்ந்தவர், கோடிக்கணக்கான உழைப்பாளரின் உயிருக்கும் உரிமைக்கும் அரணானார். நாளை நம்முள் சிலர் தொழில் நடத்துவோம். பலர் தொழில் செய்வோம். ஆணையிடும் அரசும், பொறுப்புணர்ந்த முதலாளியும், பயிற்சி பெற்ற தொழிலாளியும் ஒன்றுபட்டால்தான், காலையில் வேலைக்குச் சென்றவர் மாலையில் நலமுடன் வீடு திரும்புவர். அந்நிலையை நாடெங்கும் உண்டாக்குவதே அப்பெருமகனார்க்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றியாகும்.