ஐராவதி கார்வே: உறவுமுறையை ஆராய்ந்த அம்மையார்

மனிதர் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் உறவுப் பெயர்களைப் போல் பழகிப்போனவை பிறிதில்லை. பழகிப்போன காரணத்தாலேயே அவற்றை எவரும் நின்று நோக்குவதில்லை. தந்தையின் உடன்பிறந்தாளையும் கணவனின் தாயையும் அத்தை என்ற ஒரே சொல்லால் நாம் அழைப்பது ஏன்? லிந்துலைத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்து வளர்ந்த நான், இக்கேள்வியை எழுப்பிய ஒருவரையும் அங்கே கண்டதில்லை. அதனையே வாழ்நாட்பணியாகக் கொண்ட ஒரு பெண்மணி இருந்தார் என்பதை நூல்களின் வாயிலாகவே அறிந்தேன். அவர்தாம் ஐராவதி கார்வே அம்மையார்.

அம்மையார் 1905ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் பர்மாவிலுள்ள மிங்யான் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் கணேஷ் ஹரி கர்மார்க்கர் அங்கே ஒரு பருத்திக் கம்பெனியில் பணிபுரிந்த மராத்தியர். அந்நாட்டின் பேராறாகிய ஐராவதியின் பெயரையே மகளுக்கு இட்டார். ஏழு வயதில் சிறுமி கல்வி பெறும்பொருட்டுப் புனேயிலுள்ள ஹுஸூர்பாகா பெண்கள் பள்ளிக்கு அனுப்பப்பட்டாள். அந்நகரில் பெர்குசன் கல்லூரியின் தலைவராயிருந்த பராஞ்சபே அவர்களின் இல்லம் அவளைத் தன் மகளெனவே ஏற்றுக்கொண்டது. அவ்வீட்டு மகள் சகுந்தலா பராஞ்சபே பிற்காலத்தில் குடும்பக் கட்டுப்பாட்டிற்காக அயராது உழைத்தவர். பிறந்த வீட்டை விட்டுப் பிறிதொரு வீட்டில் வளர்ந்த இப்பெண், குடும்பம் என்பது யாது என்று பின்னாளில் ஆராயப் புகுந்தது வியப்பன்று.

1926இல் தத்துவப் பாடத்தில் பட்டம் பெற்ற ஐராவதி பம்பாய்ப் பல்கலைக்கழகத்துச் சமூகவியல் துறையை நாடிச் சென்றார். ஸ்கொட்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ் என்பவரை அழைத்து அப்பல்கலைக்கழகம் 1919இல் நிறுவிய துறை அது. 1924 முதல் அதற்குத் தலைமை தாங்கியவர் கோவிந்த் சதாசிவ் குர்யே. சாதி, மணம், குடும்பம் ஆகியவற்றை ஆராய மாணவர்களைத் திரட்டி ஊக்கியவர் அவர். மைசூரின் திருமணமும் குடும்பமும் குறித்து 1942இல் நூல் வெளியிட்ட எம். என். ஸ்ரீநிவாஸ் அவர் மாணாக்கரே. ஐராவதியும் 1928இல் சித்பாவன் பிராமணர் பற்றிய ஆய்வை அவரிடமே நிறைவு செய்தார்.

இதற்கிடையே அவருக்கு மணம் நிகழ்ந்தது. கணவர் தினகர் கார்வே வேதியியற் பேராசிரியர். மாமனார் தோண்டோ கேசவ் கார்வேயோ நாடறிந்த பெரியார். 1893இல் கைம்பெண் ஒருவரை மணந்து ஊராரின் பகையை ஏற்றவர். 1896இல் கைம்பெண்களுக்கு இல்லம் கண்டவர். 1916இல் மகளிர்க்கெனப் பல்கலைக்கழகம் அமைத்தவர். அவருடைய மூத்த மகன் ரகுநாத் கார்வே பம்பாய் வில்சன் கல்லூரியிற் கணிதம் போதித்தவர். மகப்பேற்றுக் கட்டுப்பாட்டை வெளிப்படையாக ஆதரித்தமையால் அவர் அப்பதவியை விட நேர்ந்தது. 1921இல் அதற்கென நிலையம் திறந்தார். 1927 முதல் தாம் இறந்த 1953 வரை ஆண் பெண் உறவு பற்றிய மராத்தித் திங்களிதழொன்றை நடத்தினார். ஆபாசக் குற்றம் சாட்டப்பெற்று நீதிமன்றம் ஏறினார். 1934இல் அவருக்காக வாதாடியவர் டாக்டர் அம்பேத்கர்.

இச்செய்தியை நான் இங்கே விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. இல்லறத்தைப் பற்றியும் பாலுறவைப் பற்றியும் ஒரு கல்லூரி ஆசிரியர் பேசினால் அவர் நாற்காலி பறிபோகும் என்ற நிலை அக்காலத்தில் நிலவியது. அந்த வீட்டிற்கே மருமகளாக வந்தவர், அதே குடும்ப வாழ்வை ஆராயவே ஒரு நாற்காலி பெற்றார். இவ்விரண்டிற்கும் இடையே கடந்த தூரம் சிறிதன்று.

அந்நாற்காலி எளிதில் வாய்க்கவில்லை. மேற்படிப்பிற்காக ஜெர்மனி செல்ல விரும்பியபோது, பெண் கல்விக்கே வாழ்வை ஈந்த மாமனாரே உடன்படவில்லை. கணவர் கடன் பெற்று மனைவியை அனுப்பிவைத்தார். பெர்லினில் ஒய்கன் பிஷர் என்பாரின் மானிடவியல் நிலையத்தில் மண்டையோடுகளின் இருபுற வேறுபாட்டை அளந்தாய்வது அவருக்கு இடப்பட்ட பணி. வெள்ளை இனத்தாரின் உயர்வு எலும்பிலேயே புலப்படும் என்று நம்பியவர் அந்த ஆசிரியர். மாணவியின் அளவைகளோ அதற்குச் சான்று தரவில்லை. இனத்திற்கும் அவ்வேறுபாட்டிற்கும் தொடர்பில்லை என்று அவர் அஞ்சாது எழுதினார். அடிமை நாட்டுப் பெண்ணொருத்தி, ஆசிரியரின் கொள்கையினும் கண்ட உண்மையே பெரிதென்று நின்ற துணிவை நான் பெரிதும் போற்றுகிறேன்.

தாயகம் திரும்பியபின் 1931 முதல் 1936 வரை மகளிர் பல்கலைக்கழகத்தின் பதிவாளராக இருந்தார். கோப்புகளுக்கிடையே அவ்வறிவு முடங்கிப் போயிருக்கவும் கூடும். 1939இல் புனேயின் டெக்கான் கல்லூரி முதுநிலை ஆராய்ச்சி நிலையமாக மீண்டும் திறக்கப்பட்டது. அகழ்வாய்வுக்குச் சங்காலியா, மொழியியலுக்குக் காத்ரே எனத் தேர்ந்தெடுத்த அந்நிலையம், சமூகவியலுக்கு ஐராவதி அம்மையாரை அமர்த்திற்று. முப்பத்து மூன்று வயதுப் பெண்மணி ஒருவரைக் குடும்பத்தையும் சாதியையும் ஆராயவென ஊதியம் கொடுத்து அமர்த்திய அச்செயலின் பயனை நாடு நெடுங்காலம் துய்த்தது.

அம்மையார் அறைக்குள் அமர்ந்து ஆராய்ந்தவர் அல்லர். அளவுக் கருவிகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்றார். குஜராத்தின் லாங்நாஜில் சங்காலியாவோடு அகழ்வாய்விலும் ஈடுபட்டார். புனேத் தெருக்களில் ஸ்கூட்டர் ஓட்டிச் சென்ற முதற்பெண் அவரே என்பர். ஒவ்வொரு மொழியிலும் உறவுப் பெயர்களைத் திரட்டினார். பெண்கள் பாடும் பாடல்களையும் பழமொழிகளையும் ஏட்டில் ஏற்றினார். அடுப்பங்கரைப் பேச்செனப் புலவர்கள் ஒதுக்கியவை அவருக்கு ஆய்வுப்பொருளாயின.

அவ்வுழைப்பின் கனியே 1953இல் வெளிவந்த இந்திய உறவுமுறை அமைப்பு என்னும் பொருள்பட்ட ஆங்கில நூல். நாட்டை வடக்கு, நடு, தெற்கு, கிழக்கு எனப் பகுத்து அவர் ஒப்புநோக்கினார். வட நாட்டில் பெண்ணை அயலூரில், அறியாத குடும்பத்தில் கொடுப்பர். அங்கே தந்தையின் உடன்பிறந்தாளுக்கு ஒரு பெயர், மாமியாருக்கு வேறு பெயர். பிறந்த வீட்டுப் பெண்ணுக்கு ஓர் ஒழுக்கம், புகுந்த வீட்டு மருமகளுக்கு முக்காடிட்ட மற்றோர் ஒழுக்கம். தென்னாட்டிலோ மாமன் மகனும் அத்தை மகனும் முறை மாப்பிள்ளையர். புகுந்த வீடு பெரும்பாலும் முன்பே அறிந்த வீடு. ஆகவே அத்தை என்ற ஒரு சொல் இருவருக்கும் போதுமானதாயிற்று. ஒரு சொல்லின் உள்ளே ஒரு பெண்ணின் வாழ்வு முழுவதும் அடங்கிக் கிடப்பதை அம்மையார் இவ்வாறு காட்டினார்.

அவர் ஆராய்ச்சியிற் குறைகளும் உண்டு. மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து இனம் காணும் முறையை அவர் இறுதிவரை கைவிடவில்லை. அம்முறையை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. முஸ்லிம்களும் பிற சமயத்தினரும் அவர் வரைந்த படத்தில் போதிய இடம் பெறவில்லை என்பாரும் உளர். ஆயினும் வீட்டு வாழ்வு பல்கலைக்கழகத்தின் கவனத்திற்குரியது என்று அவர் நாட்டிய கொடி சாயவில்லை.

தாய்மொழியிலும் அவர் வல்ல எழுத்தாளர். பரிபூர்த்தி என்னும் கட்டுரையில், மேடையிலே தம்மை இன்னாரின் மருமகள், இன்னாரின் மனைவி என்று அறிமுகம் செய்வதைக் கூறுகிறார். பின்னர்த் தெருவிற் சிறுவர்கள் தம்மைத் தோழனின் தாயென்று சுட்டக் கேட்டு நிறைவு கொள்வதாக முடிக்கிறார். மகாபாரத மாந்தரைத் தெய்வப் பூச்சு நீக்கி மனிதராகவே நோக்கிய யுகாந்தா 1967இல் வெளிவந்து, 1968இல் சாகித்திய அக்காதமியின் பரிசைப் பெற்றது. 1970 ஆகஸ்ட் 11ஆம் நாள் அம்மையார் மறைந்தார்.

இவ்வாழ்வை நான் மலைநாட்டிலிருந்து நோக்குங்கால் ஓர் ஏக்கம் எழுகின்றது. இலங்கைப் பல்கலைக்கழகமும் அமெரிக்கரான பிரைஸ் ரயன் என்பவரைச் சமூகவியலுக்கு அழைத்து அமர்த்தியதுண்டு. இலங்கைச் சாதியமைப்பைப் பற்றிய அவர் நூல் வெளிவந்ததும் அதே 1953இல்தான். ஆனால் அது சிங்கள மக்களின் அமைப்பைப் பற்றியது. மூன்று தேயிலைத் தோட்டங்களைக் கள ஆய்வு செய்து ஜெயராமன் எழுதிய நூல் 1975இல் பம்பாயில் அச்சேறியது. பின்னரும் அறிஞர் சிலர் வந்து நம் வாழ்வை எழுதியதுண்டு. அவற்றுட் பல வெளியிலிருந்து வந்து பார்த்துச் சென்றோரின் நூல்கள்.

நம் லயங்களோ உறவினால் கட்டப்பட்டவை. கங்காணிமார் தம் ஊராரையும் உற்றாரையுமே திரட்டிக்கொண்டு கடல் கடந்தனர். இவ்வுறவின் இயல்பை அறியாமையால் விளைந்த துன்பம் ஏட்டளவில் நிற்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், மணவாழ்க்கையிற் பிறந்தோர் தந்தையின் பிறப்பையோ தந்தைவழிப் பாட்டன், பூட்டன் பிறப்பையோ இந்நாட்டில் நிகழ்ந்ததாகக் காட்டவேண்டும் என்றது. தாய்வழி கணக்கில் வரவில்லை. பதிவேடுகளின்றி வாழ்ந்த பல்லாயிரவர் நாடற்றோராயினர். 1964இல் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. தமையன் கப்பலேறத் தங்கை லயத்தில் நின்றாள். மாமன் வீட்டிற்கென்று உரைத்து வைத்த பெண் கடலுக்கு இப்பால் தங்கினாள். எஞ்சிய நாடற்றோர்க்கு வழி செய்த சட்டம் 2003இல்தான் வந்தது. ஒரு குடும்பம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அறிந்துரைக்க அன்று நம்மிடையே ஆராய்ச்சியாளர் ஒருவர் இருந்திருப்பின், அம்முடிவு மாறியிருக்கும் என்று நான் துணிந்து கூறேன். ஆனால் பிரிந்தவர் கணக்கேனும் எண்ணிக்கையாக மட்டும் நின்றிராது.

லிந்துலைக்கு அண்மையில் தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. அந்நிறுவனம் 1925இல் தோன்றியது. 1946இல் கொப்புள நோய் இந்நாட்டுத் தேயிலையைப் பற்றியபோது அதற்கு மருந்து தேட அறிஞர் இருந்தனர். கொழுந்தை ஆராய ஆளிருந்தது நன்றே. அக்கொழுந்தைக் கிள்ளிய பெண், ஆணுக்கு நிகரான நாட்சம்பளம் பெறுவதற்கு 1984ஆம் ஆண்டுவரை காத்திருந்தாள். அவள் ஈட்டிய பணம் வீட்டில் யார் கைக்குச் சென்றது, மகளை யார் பள்ளியிலிருந்து நிறுத்தினார், மணத்தை யார் முடிவு செய்தார் என்று கேட்க ஒரு நாற்காலி அமைக்கப்படவில்லை.

இன்று மலையகப் பிள்ளைகள் பேராதனையிலும் கொழும்பிலும் மட்டக்களப்பிலும் பயில்கின்றனர். அவர்களுள் அத்தையென்றும் மாமனென்றும் கேட்டு வளர்ந்த ஒருத்தியைத் தேர்ந்து, நம் குடும்ப வாழ்வை ஆராய்வதே உன் தொழில் என்று ஊதியம் தந்து அமர்த்துவது பல்கலைக்கழகங்களின் கடமை. புனேயின் சிறு கல்லூரி ஒன்று 1939இல் செய்த காரியம் நம்மால் இயலாததொன்றன்று.