காந்தியடிகள் ஏற்ற விரதங்கள்

1888ஆம் ஆண்டு. மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி என்னும் பதினெட்டு வயது இளைஞர் சட்டம் பயில இங்கிலாந்து செல்ல விழைந்தார். மூன்றாண்டுகளுக்கு முன்னரே தந்தையார் மறைந்துவிட்டார். தாயார் புத்லிபாய் அம்மையாரோ நோன்புகளிலேயே வாழ்ந்தவர். கடல் கடந்து செல்வோர் ஊனுக்கும் மதுவுக்கும் ஆட்படுவர் என்று பிறர் கூறக் கேட்டு, மகனுக்கு விடைதரத் தயங்கினார். அப்பொழுது வழிகாட்டியவர் பேச்சர்ஜி சுவாமி என்னும் சமண முனிவர். அக்குடும்பம் வைணவ மரபினதாயினும் சமணத் துறவியர் அவ்வில்லம் வந்து செல்வது வழக்கம். மது, மாது, ஊன் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்று அம்முனிவர் முன்னிலையில் இளைஞர் உறுதி ஏற்றார், தாயாரும் இசைந்தார்.

இந்நிகழ்ச்சி நம் வாசகர் பலரும் அறிந்ததே. எனினும் அதில் ஒன்றை நாம் கருதிப் பார்த்தல் தகும். நல்லவனாய் வாழ்வேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவர் கப்பலேறவில்லை. எங்கே கால் இடறும் என்பதைப் பெயர் சுட்டி வைத்துக்கொண்டே புறப்பட்டார். தாயார் அறியாத செய்தி ஒன்றும் உண்டு. இராஜ்கோட்டில் பயின்ற நாளில், நண்பன் ஒருவனின் தூண்டுதலால் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அவர் மறைவில் ஊன் உண்டிருந்தார். பெற்றோரிடம் பொய் கூற மனம் ஒப்பாமல் பின்னர் நிறுத்தினார். ஆகவே தாயார் அஞ்சிய தடை, மகன் முன்னரே ஒருமுறை விழுந்த பள்ளமே ஆகும். அவ்விரதம் அவரிடத்தில் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது நம் கருத்து.

இலண்டனில் எதிர்பார்த்தவை யாவும் எதிர்ப்பட்டன. குளிர்நாட்டில் ஊனின்றி உயிர்வாழ இயலாது என்று நண்பர்கள் வாதிட்டனர். ஒருவர் பெந்தாமின் நூலையே படித்துக் காட்டினார். இளைஞர் வாதத்திற்கு வாதம் செய்யவில்லை. விரதத்தை மீற இயலாது என்பதோடு நின்றார். நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து, மலிவான உணவகங்களில் ரொட்டியுண்டும் நிறைவின்றி இருந்தவர், ஒருநாள் பாரிங்டன் தெருவில் சைவ உணவகம் ஒன்றைக் கண்டு பெருமகிழ்ச்சி எய்தினார்.

முட்டையைப் பற்றிய ஐயமே நுட்பமானது. அது ஊனாகாது என்பார் சொல் கேட்டுச் சிறிது காலம் உண்டார். பின்பு, ஊன் என்ற சொல்லுக்கு அந்நாட்டார் கொள்ளும் பொருள் எதுவாயினும், விரதம் தந்த தாயார் கொண்ட பொருளே தம்மைக் கட்டுப்படுத்தும் என்று தெளிந்து விடுத்தார். அதனால் முட்டை கலந்த இனிப்புகளையும் நீக்க வேண்டியதாயிற்று.

நம் ஆசாரிய உமாசுவாதி, தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், இல்லறத்தார் விரதம் ஒவ்வொன்றிற்கும் ஐந்து அதிசாரங்களை வகுத்துள்ளார். விரதத்தைக் கூறியதோடு அமையாமல் அது கசியும் துளைகளையும் எண்ணிக் காட்டியவர் அவர். இளைஞர் காந்தி அந்நூலை அறிந்திருக்க வேண்டியதில்லை. அவர் கண்ட துளை அத்தகையது.

1891இல் தாயகம் திரும்பியபோது தாயார் உயிருடன் இல்லை. அவ்வாண்டே பம்பாயில் இராய்சந்த்பாய் என்னும் சமணச் சான்றோரின் நட்பு வாய்த்தது. 1906இல் பிரமசரிய விரதமும், 1912இல் பாலை நீக்கும் விரதமும் தென்னாப்பிரிக்காவில் ஏற்றார். கல்கத்தாவில் பசு, எருமைகளைத் துன்புறுத்திப் பால் கறக்கும் கொடுமை பின்னதற்கு ஒரு காரணம்.

இப்பால் விரதத்தில்தான் அவர் எதிர்பாராத தடை வந்தது. 1918இல் கேடா மாவட்டத்தில் கடும் வயிற்றுக்கடுப்பு கண்டு, மரணத்தின் வாயில் வரை சென்றார். பாலின்றி உடல் தேறாது என்றனர் மருத்துவர். ஆட்டுப்பாலுக்குத் தடையில்லையே என்று வழி கூறியவர் கஸ்தூரிபாய். விரதம் ஏற்றபோது மனத்தில் இருந்தவை பசுவும் எருமையுமே. பணியாற்ற வேண்டும், அதற்கு வாழ வேண்டும் என்னும் விருப்பம் மேலோங்கியது, அவர் இசைந்தார்.

தாயாரின் நெறியைப் பற்றி முட்டையை ஒதுக்கியவர், இங்கே சொல்லைப் பற்றிப் பாலை ஏற்றார். குற்றம் காண்பது நம் நோக்கமன்று. அவரே அதனைக் கண்டுவிட்டார். சொல் காக்கப்பட்டது, விரதத்தின் உயிர் காக்கப்படவில்லை என்று தம் வரலாற்று நூலில் ஒப்புக்கொண்டார். ஆட்டுப்பாலை விட்டொழிக்கும் வழியை நெடுநாள் நாடினார், கிட்டவில்லை. 1948 ஜனவரி 30ஆம் நாள் மாலை, வழிபாட்டிற்குப் புறப்படுமுன் அவர் கொண்ட உணவிலும் ஆட்டுப்பால் இருந்தது.