கறுப்புக் குதிரை ஹீரோவா, குதிரைத் திருடனா? டிக் டர்பினை மாட்டிவிட்ட ஒரு கடிதம்!

கறுப்புக் குதிரை... ஒரே ராத்திரி... லண்டனிலிருந்து யார்க் நகரம் வரை சுமார் 200 மைல் பாய்ச்சல்! இங்கிலாந்தில் டிக் டர்பின்னு பேரைச் சொன்னாலே இந்தக் காட்சிதான் ஞாபகத்துக்கு வரும். மாஸ் ஹீரோ என்ட்ரி மாதிரி இருக்குல்ல? ஆனா, டர்பின் அப்படி ஒரு சவாரி போகவே இல்லை. அவன் செத்து 95 வருஷம் கழிச்சு, 1834-ல் ஹாரிசன் எய்ன்ஸ்வொர்த் எழுதிய 'ரூக்வுட்' நாவல்தான் அதை ஊரெல்லாம் பரப்பியது.

அப்போ நிஜ டர்பின் யார்?

கறிக்கடையிலிருந்து கொள்ளைக்கு

1705-ல் எசெக்ஸ் பகுதியில் ஹெம்ப்ஸ்டெட் கிராமத்தில் பிறந்தவன். தொழில், கறிக்கடை. காட்டில் மான்களைத் திருடிய கும்பலோடு சேர்ந்தான். அடுத்து, தனியா இருக்கும் பண்ணை வீடுகளில் கொள்ளை. 1735-ல் எட்ஜ்வேர் பக்கம் ஒரு வீட்டில், 70 வயசுப் பெரியவரை இந்தக் கும்பல் நெருப்பு மேலேயே உட்கார வைத்தது. பணம் எங்கேன்னு கேட்டுத்தான் இந்தச் சித்ரவதை. ஹீரோயிசம் எங்கே இருக்குன்னு நீங்களே சொல்லுங்க!

1737-ல் எப்பிங் காட்டில் தன்னைப் பிடிக்க வந்தவரைச் சுட்டுக் கொன்றான். தலைக்கு 200 பவுண்டு பரிசு!

சேவலால் வந்த வினை

'ஜான் பால்மர்'னு பேரை மாத்திக்கிட்டு யார்க்‌ஷயருக்கு ஓடினான். லிங்கன்ஷயரில் குதிரை திருடுவது, யார்க்‌ஷயரில் விற்பது. பக்கத்து ஊர்த் தகவல்கூடப் போய்ச்சேராத காலம். கிராமத்துக் கான்ஸ்டபிள்னா, பெரும்பாலும் சம்பளமே வாங்காம முறை வைத்து வேலை பார்த்த உள்ளூர் ஆள்தான். திருடனுக்குக் கொண்டாட்டம்தானே?

1738 அக்டோபரில் தெருவில் ஒரு சேவலைச் சுட்டான். தட்டிக்கேட்டவரையும் சுட்டுடுவேன்னு மிரட்டினான். உள்ளே வைத்து விசாரித்தால், குதிரைத் திருட்டு வெளியே வந்தது. ஆனாலும், அவன் வெறும் 'பால்மர்'தான். டர்பின்னு யாருக்கும் தெரியாது.

கையெழுத்து மாட்டிவிட்டது!

யார்க் சிறையிலிருந்து மச்சானுக்கு ஒரு கடிதம் போட்டான். அன்னிக்குத் தபால் செலவை வாங்குபவர்தான் கட்டணும். நம்ம கேஷ் ஆன் டெலிவரி மாதிரி. மச்சான் காசு கொடுக்க மாட்டேன்னுட்டார். கடிதம் தபால் நிலையத்துக்கே திரும்பியது. அங்கே அதைப் பார்த்தவர், டர்பினுக்குச் சின்ன வயசில் எழுதக் கற்றுக்கொடுத்த ஜேம்ஸ் ஸ்மித்! கையெழுத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. யார்க்குக்கே போய் ஆளை அடையாளம் காட்டினார். 200 பவுண்டு பரிசும் அவருக்குத்தான்.

1739 ஏப்ரல் 7-ல் தூக்கு. கொலைக்காக இல்லை, கொள்ளைக்காகவும் இல்லை... குதிரைத் திருட்டுக்காக!

கவனிச்சீங்களா? இவ்வளவு பெரிய கொள்ளைக்காரனைப் பிடித்தது போலீஸ் இல்லை; ஒரு சேவல், கட்டாத தபால் காசு, பழைய வாத்தியார். திருடனைப் பிடிக்க ஆள் இல்லாததால், சிக்கியவனைத் தூக்கில் போட்டு மத்தவங்களைப் பயமுறுத்தினார்கள். குதிரைத் திருட்டுக்கு மரண தண்டனை 1832-ல்தான் ஒழிந்தது. கிராமப்புறங்களுக்குச் சம்பளப் போலீஸ் வைக்க வழி செய்த சட்டம் வந்தது 1839-ல். டர்பின் தூக்கில் தொங்கி சரியா 100 வருஷம் கழிச்சு! அதுவும் விருப்பப்பட்ட மாவட்டங்களுக்கு மட்டும். எல்லா இடத்துக்கும் கட்டாயமானது 1856-ல்தான்.

இனி கறுப்புக் குதிரைக் கதையை எங்கேயாவது பார்த்தால், அந்த 70 வயசுப் பெரியவரையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க!