மிஷின் வாங்கப் போன இடத்தில் மாட்ஸ்லே



இன்-பிளான்ட் டிரெயினிங்குக்கு நான் போனது துவாக்குடிப் பக்கம் உள்ள ஒரு சிறிய ஃபேப்ரிகேஷன் ஷாப். முதலாளியை எல்லாரும் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவோம். பிளேட்டை அளந்து, சாக்பீஸால் கோடு போட்டு, கேஸ் டார்ச்சால் கையால் வெட்டுகிற ஷாப். நான் சேர்ந்த வாரம் அவர் மேஜையில் மூன்று கொட்டேஷன்கள் கிடந்தன. மூன்றும் சி.என்.சி. கட்டிங் மிஷினுக்கு! வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்து வாங்கப் போகிறார். டிப்ளமோ படிக்கிற தம்பியாச்சே, எது நல்லது என்று பார்த்துச் சொல் என்று என்னிடம் நீட்டிவிட்டார்.

எனக்கு உள்ளுக்குள் உதறல். கேட்லாக்கைப் புரட்டினேன். ஸ்கிரீன் பெரிசா இருந்த மிஷினையே கை காட்டிவிடலாம் என்று நினைத்தேன். நல்ல வேளையாக, அன்று ராத்திரி லேத் பாடத்துக்காக எடுத்த புத்தகத்தில் ஒரு மனிதரின் கதையைப் படித்தேன். அவர்தான் ஹென்றி மாட்ஸ்லே. அவர் மறைந்து இருநூறு வருஷத்தை நெருங்குகிறது. ஆனாலும் அண்ணனின் கேள்விக்குப் பாதி பதில் அவர் வாழ்க்கையிலேயே இருந்தது.

மாட்ஸ்லே 1771 ஆகஸ்ட் 22-ல் லண்டனை அடுத்த உல்விச்சில் பிறந்தார். அவருக்கு ஒன்பது வயது ஆகும்போது, 1780-ல், அப்பா இறந்துபோனார். பன்னிரண்டு வயதில் உல்விச் ஆயுதசாலையில் தோட்டாவுக்கு வெடிமருந்து நிரப்பும் வேலை. நாம் ஏழாம் வகுப்பு படித்த வயசு! இரண்டு வருஷம் கழித்து தச்சுப் பட்டறைக்கு மாற்றினார்கள். ஆனால் பையனின் மனசு பூராவும் கொல்லுப்பட்டறையில்தான். பதினைந்து வயதில் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இரும்போடு அவருக்கு ஏற்பட்ட உறவு அதன் பிறகு அறுபடவே இல்லை.

அந்தக் காலத்தில் ஜோசப் பிராமா என்பவர் திறக்கவே முடியாத ஒரு பூட்டுக்கு 1784-ல் பேட்டன்ட் வாங்கியிருந்தார். ஆனால் அதன் உள் பாகங்கள் ரொம்ப நுணுக்கமானவை. கையால் செய்தால் விலை கட்டுப்படி ஆகாது. யாரோ உல்விச் பையனைப் பற்றிச் சொல்ல, 1789-ல் பதினெட்டு வயது மாட்ஸ்லேயை வேலைக்கு எடுத்துக்கொண்டார். பையன் பூட்டு செய்ததோடு நிற்கவில்லை, பூட்டின் பாகங்களைச் செய்கிற மிஷின்களையே செய்து கொடுத்தான்! கடை ஜன்னலில் 200 கினி பரிசு அறிவித்து வைத்த பிராமா பூட்டை 1851 வரை யாராலும் திறக்க முடியவில்லை. அந்த வருஷம் அமெரிக்கரான ஹாப்ஸ் பல நாள் போராடித்தான் திறந்தார்.

இவ்வளவு செய்தவருக்குச் சம்பளம் வாரம் 30 ஷில்லிங். கல்யாணம் ஆகி, குடும்பம் பெருகிய நேரம். 1797-ல் சம்பள உயர்வு கேட்டார். பிராமா மறுத்துவிட்டார். மாட்ஸ்லே வேலையை விட்டு வெளியேறி லண்டன் வெல்ஸ் தெருவில் சொந்தமாகச் சின்னப் பட்டறை போட்டார். சில ஷில்லிங் மிச்சம் பிடிக்கப் பார்த்து பிராமா இழந்தது எவ்வளவு பெரிய ஆளை!

இனி நம்ம பாடத்துக்கு வருவோம். அதுவரை சாதாரண லேத்தில் டர்னர் கட்டிங் டூலைக் கையில் பிடித்து, ஒரு முட்டுக் கொடுத்துக் கடைவார். கை நடுங்கினால் வேலையும் நடுங்கும். ஒருவர் செய்த போல்ட்டுக்கு இன்னொருவர் செய்த நட் சேராது. ஜோடி மாறிப் போனால் கதை கந்தல். மாட்ஸ்லே டூலை மனிதக் கையிலிருந்து வாங்கி இரும்புக் கையில் கொடுத்தார். உறுதியான உலோகப் படுக்கை, அதில் வழுக்கி ஓடும் ஸ்லைடு ரெஸ்ட், அதை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ. 1800 வாக்கில் மாற்றிப் போடும் கியர்களும் சேர்ந்தன. கியரை மாற்றினால் ஒரே லீட் ஸ்க்ரூவைக் கொண்டு வேறு வேறு பிட்ச் வெட்டலாம்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஸ்லைடு ரெஸ்ட்டையோ ஸ்க்ரூ வெட்டும் லேத்தையோ முதன்முதலில் யோசித்தவர் அவர் இல்லை. அவருக்கு முன்பே பலர் முயன்றிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒன்று சேர்த்து, ஆடாமல் அசையாமல் தினம் தினம் வேலை செய்கிற மிஷினாக்கியதுதான் அவருடைய பெருமை.

இதைப் படித்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. சி.என்.சி.யில் இருப்பதும் இதே மூன்று விஷயம்தானே! ஸ்லைடு ரெஸ்ட்டின் இடத்தில் லீனியர் கைடு. லீட் ஸ்க்ரூவின் இடத்தில், பெரிய கட்டிங் டேபிள் என்றால், ரேக் அண்ட் பினியன். கியர் மாற்றுவதற்குப் பதில் புரோகிராம். ஸ்கிரீன் சொல்கிற இடத்துக்கு டார்ச்சைக் கொண்டு போவது இந்த இரும்புதான். இரும்பு கோணலாக இருந்தால் புரோகிராம் என்ன செய்யும்?

மாட்ஸ்லேக்கு அளவு என்பது ஒரு வெறி. ஐந்து அடி நீளம், இரண்டு அங்குல விட்டத்தில் ஒரு திருகு செய்தார். அங்குலத்துக்கு 50 மரை. ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகரும். அதற்கு ஒரு அடி நீள நட், உள்ளே 600 மரை! பட்டறையில் ஒவ்வொருவர் மேஜையிலும் சர்ஃபேஸ் பிளேட் வைத்தார். வேலை சமதளமா என்று அவரவரே சரிபார்க்க வேண்டும். அவருடைய பெஞ்ச் மைக்ரோமீட்டருக்குப் பட்டறையில் 'லார்டு சான்சலர்' என்று பெயர். சண்டை வந்தால் அதன் தீர்ப்பே இறுதி. அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு காட்டும். அதாவது சுமார் 0.0025 மி.மீ. நம்ம மெட்ராலஜி லேபில் உள்ள மைக்ரோமீட்டரின் லீஸ்ட் கவுன்ட் 0.01 மி.மீ. என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்!

பிறகு வந்தது போர்ட்ஸ்மவுத் வேலை. கப்பல் பாய்மரக் கயிறுகளுக்கு மரக் கப்பிகள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டன. மார்க் இசம்பார்ட் புரூனல் திட்டம் போட, மாட்ஸ்லே 1802 முதல் ஆறு வருஷத்தில் 45 மிஷின்கள் செய்து கொடுத்தார். 1808-ல் அங்கே வருஷத்துக்கு 1,30,000 கப்பிகள் தயாராயின. கைதேர்ந்த 110 பேர் செய்த வேலையை, பயிற்சி இல்லாத 10 பேர் செய்தார்கள்.

இந்த வரியில் நான் நின்றுவிட்டேன். மீதி நூறு பேர் என்ன ஆனார்கள்? அண்ணன் ஷாப்பில் நான்கு கேஸ் கட்டர்கள். அவர்களில் மூத்தவர் இருபது வருஷமாக டார்ச் பிடித்தவர். கொட்டேஷன் வந்த நாளிலிருந்து அவர் சரியாகப் பேசவில்லை. மாட்ஸ்லேயின் வாழ்க்கை இதற்கு முழுப் பதில் சொல்லவில்லை. ஆனால் ஒரு பாதியைச் சொன்னது. 1810-ல் அவர் லாம்பெத்துக்கு இடம் மாறினார். மாட்ஸ்லே, சன்ஸ் அண்ட் ஃபீல்டு என்று பெயர் பெற்ற அந்தத் தொழிற்சாலையே ஒரு பள்ளிக்கூடம் ஆனது. 1841-ல் திருகு மரைக்கு ஸ்டாண்டர்டு கொடுத்த விட்வொர்த், நீராவிச் சம்மட்டி கண்ட நாஸ்மித், பிளேனிங் மிஷின் செய்த ராபர்ட்ஸ் எல்லாரும் அங்கே வேலை பார்த்தவர்களே. அங்கே தலைமை டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த கிளெமென்ட்தான் பின்னாளில் பாபேஜின் கணக்கிடும் இயந்திரத்துக்குப் பாகங்கள் செய்தார். கம்ப்யூட்டரின் தாத்தாவுக்கும் லேத்தின் தாத்தாவுக்கும் உறவு உண்டு பாருங்கள்!

1831 பிப்ரவரி 14. பிரான்சில் நண்பரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் பிடித்த குளிர்க் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. வயது 59. பிறந்த உல்விச்சிலேயே அடக்கம் செய்தார்கள். அவருடைய நினைவுச் சின்னமும் வார்ப்பிரும்பு! அதை டிசைன் செய்தவரும் அவரே. அவருடைய ஸ்க்ரூ வெட்டும் லேத் லண்டன் சயின்ஸ் மியூசியத்தில் இருக்கிறது.

சரி, அண்ணன் கதை? என்ன தேவை என்று முதலில் தெளிவாகத் தெரிந்துகொள்வது மாட்ஸ்லேயின் வழக்கம். நாங்களும் ஆர்டர் நோட்டைப் புரட்டினோம். பெரும்பாலும் 6 முதல் 20 மி.மீ. மைல்டு ஸ்டீல், இடையிடையே ஸ்டெயின்லெஸ். ஆக்சி-ஃப்யூயல் ஸ்டெயின்லெஸ்ஸை வெட்டாது. லேசரின் வெட்டு அழகு, ஆனால் அந்தத் துல்லியம் கேட்கிற ஆர்டர் எங்களிடம் இல்லை, கடனும் தாங்காது. பிளாஸ்மா போதும் என்று முடிவானது.

பிளாஸ்மாவில் இரண்டு கொட்டேஷன். எங்கள் பிளேட்டையே கொண்டு போய் இரண்டு மிஷினிலும் ஒரு மீட்டர் சதுரம் வெட்டச் சொன்னோம். கூட வந்த மூத்த கேஸ் கட்டர் டேப்பை எடுத்து மூலைக்கு மூலை பிடித்தார். இருபது வருஷப் பழக்கம்! பெரிய ஸ்கிரீன் மிஷினில் இரண்டு மூலைவிட்டமும் 3 மி.மீ. வித்தியாசம். ஒரு அச்சு மீட்டருக்கு 2 மி.மீ. சாய்ந்தாலே இவ்வளவு வந்துவிடும். இன்னொன்றில் டேப்புக்குத் தெரிகிற வித்தியாசமே இல்லை. ஸ்கிரீன் என்னவோ சின்னதுதான்.

அதைத்தான் அண்ணன் வாங்கினார். ஆபரேட்டர் டிரெயினிங்குக்கு வெளியாள் யாரையும் எடுக்காமல் அந்த மூத்தவரையே அனுப்பினார், சம்பளத்தையும் கூட்டிக் கொடுத்து. பிராமா கதையை நான் சொல்லியிருந்தேன் என்பது வேறு விஷயம்! மற்ற மூவரில் இருவர் வெல்டிங்குக்கு மாறினார்கள். ஒருவர் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார். அவர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

நண்பர்களே, நாளை நம்மிடமும் யாராவது தம் வீட்டுப் பத்திரத்தை நம்பி ஒரு கொட்டேஷனை நீட்டுவார்கள். அன்று கேட்லாக்கை மூடிவிட்டு டேப்பை எடுங்கள். கூடவே, டார்ச் பிடித்த கையையும் மறக்காதீர்கள்.

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்