வீணாகும் நிமிஷத்தைப் பிடித்தவர்! கோவை ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கை

சின்னசேலம் பஸ் நிலையத்தில் சேலம் பஸ்ஸுக்கு நிற்பவர் அடிக்கடி எதைப் பார்க்கிறார்? கடிகாரத்தை! குறித்த நேரத்தில் பஸ் வரவேண்டும். கொடுத்த காசுக்குச் சரியான டிக்கெட் வேண்டும். இன்று இது சாதாரண எதிர்பார்ப்பு. நூறு வருஷங்களுக்கு முன்பு அப்படி இல்லை. ஆள் நிரம்பினால் வண்டி கிளம்பும், நிரம்பாவிட்டால் நிற்கும்! பஸ்ஸை மணிக்கூண்டுக்குக் கட்டுப்பட வைத்தவர்களில் முன்வரிசைக்காரர், கோயமுத்தூர் ஜி.டி. நாயுடு.

கோவையை அடுத்த சூலூர் பக்கம் கலங்கல் கிராமத்தில், 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி, ஒரு விவசாயக் குடும்பத்தில் அவர் பிறந்தார். முழுப் பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. தாயை இளம் வயதிலேயே இழந்தார். பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். புத்தகம் வெறுப்பல்ல, வகுப்பில் உட்கார்ந்து பொழுதைக் கழிப்பதுதான் பிடிக்கவில்லை!

மோட்டார் சைக்கிள் மோகம்

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லாமல், குதிரையும் இல்லாமல் ஓடிய அந்த வண்டி வாலிபரின் தூக்கத்தைக் கெடுத்தது. அதை வாங்கியே தீருவதென்று கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். பணம் சேர்ந்ததும் அதிகாரியைத் தேடிப்பிடித்து, 300 ரூபாய்க்கு அந்த வண்டியையே வாங்கினார்.

வாங்கியவர் ஏறிச் சவாரி செய்தாரா? அக்கக்காகக் கழற்றினார்! மறுபடி பூட்டினார். அவருடைய இஞ்சினீயரிங் கல்லூரி அதுதான்.

பிறகு திருப்பூரில் பஞ்சுத் தொழில், நல்ல லாபம். அந்தப் பணத்தோடு பம்பாய்க்குப் போய்ப் பஞ்சு வியாபாரத்தில் இறங்கி, கையைச் சுட்டுக்கொண்டு திரும்பினார். கோவையில் ஸ்டேன்ஸ் துரை அவர்மேல் நம்பிக்கை வைத்து, தவணைக் கடனில் ஒரு பஸ் கிடைக்கச் செய்தார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அது ஓடியது. முதலாளியும் நாயுடு, டிரைவரும் நாயுடு!

ஒரே ஒரு பஸ். அதில் எங்கே நேரம் போகிறது, எங்கே காசு ஒழுகுகிறது என்பதை ஸ்டியரிங்கைப் பிடித்த கையாலேயே தெரிந்துகொண்டார். அதன்பிறகு ஒவ்வொன்றாக வண்டிகளைக் கூட்டினார். யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெயர் கொங்கு நாடெங்கும் பரவியது. சுருக்கமாக யு.எம்.எஸ். டிக்கெட் கொடுப்பதற்கு அவர் இயந்திரம் செய்தார். கணக்கில் தில்லுமுல்லு செய்பவனைத் தேடிப் பிடிப்பதைவிட, தில்லுமுல்லுக்கே இடமில்லாமல் செய்வது மேல் அல்லவா?

கண்டுபிடிப்புகளை அடுக்கினால் இந்தப் பக்கம் போதாது. டி. பாலசுந்தரத்துடன் சேர்ந்து 1937-ல் இந்தியாவிலேயே மின்சார மோட்டார் செய்து காட்டினார். மின்சார க்ஷவரக் கத்தி, பழரசம் பிழியும் கருவி, 70 ரூபாய்க்கு ஐந்து வால்வு ரேடியோ... 1952-ல் இரண்டு பேர் உட்காரும் மோட்டார் காரை 2,000 ரூபாய் விலையில் திட்டமிட்டார். அன்றைய சட்டப்படி உற்பத்திக்கு அரசாங்க லைசென்ஸ் வேண்டும். அது கிடைக்கவில்லை. கார் அதோடு நின்றது.

ஆனால் அவர் மனதை அதிகம் வருத்தியது காராக இருக்க முடியாது. கல்லூரிதான்!

நாலு வருஷமா, இரண்டு வருஷமா?

1945-ல் நாயுடுவின் நன்கொடையால் கோவையில் தொழிற்கல்வி நிலையங்கள் உருவாயின. அப்போதைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அவற்றுக்குச் சூட்டப்பட்டது. பொறுப்பு நாயுடுவிடம். பள்ளிப் படிப்பை முடிக்காதவர் என்று ஏளனம் செய்தவர்கள் எதிரிலேயே, இஞ்சினீயர்களை உருவாக்கும் வேலை அவரிடம் வந்தது!

அவர் பாடத்திட்டத்தையும் மோட்டார் சைக்கிளைப் போலவே கழற்றிப் பார்த்தார். நாலு வருஷப் படிப்பில் விடுமுறை எவ்வளவு, திரும்பத் திரும்பச் சொல்வது எவ்வளவு, பட்டறையில் கைப்பழக்கம் எவ்வளவு? பாதிக் காலம் வீண் என்று கண்டார். இரண்டு வருஷம் போதும் என்றார். அரசாங்கம் இணங்கவில்லை. அவரும் இறங்கி வரவில்லை, பொறுப்பை உதறினார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி என்று சொல்லிவிட முடியாது. கணிதமும் விஞ்ஞானமும் ஊற நாள் பிடிக்கும். இரண்டு வருஷம் சற்று அவசரக் கணக்கே. ஆயினும் கேட்ட கேள்வி நியாயமானது. மக்காச்சோளத்தையும் மரவள்ளியையும் நம்பும் சின்னசேலம் வட்டாரக் குடும்பத்துக்கு, பிள்ளையின் நாலு வருஷம் என்பது நாலு வருஷச் சம்பாத்தியமும்கூட. அதில் ஒரு வருஷம் வீணென்றால் அது யார் பணம்?

ஜப்பானிலும் அதே கேள்வி

இதே கேள்வியை இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ஜப்பானில் டொயோட்டா கார் தொழிற்சாலையின் தாயீச்சி ஓனோ என்பவர் கேட்டார். தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பது, தப்பாகச் செய்துவிட்டுத் திருத்துவது, இவையெல்லாம் வீண் என்று அவர் பட்டியல் போட்டார். உலகம் அதற்கு ‘லீன்’ என்று பெயர் வைத்தது. 2003-ல் மேரி, டாம் பாப்பன்டீக் தம்பதி அதைக் கம்ப்யூட்டர் மென்பொருள் தொழிலுக்குப் பொருத்திப் புத்தகம் எழுதினார்கள். ஒரு வருஷம் முடங்கிக் கிடந்து, யாரும் கேட்காத வசதிகளையெல்லாம் எழுதிக் குவிக்காதே. கொஞ்சம் செய், உபயோகிப்பவர் கையில் கொடு, குறை கேள், திருத்து, அடுத்ததைச் செய் என்பது அதன் சாரம்.

நாயுடு கம்ப்யூட்டரைக் கண்டு தொழில் நடத்தியவர் அல்ல. டொயோட்டாவிடம் பாடம் கேட்டவரும் அல்ல. ஆனால் ஒரு பஸ்ஸை ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸை வாங்கியவருக்கு இந்த வித்தை புதிதாகத் தோன்றியிராது.

கல்லூரியை விட்டபின் குறுகிய காலப் பயிற்சிகளில் இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார். 1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி காலமானார்.

அவர் உதறிய கல்லூரி பின்னர் இடம் மாறி, அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று. இஞ்சினீயரிங் பட்டத்துக்கு அங்கே இன்றும் நாலு வருஷம்தான். பீளமேட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு மட்டும் ஹோப் காலேஜ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலம் திறக்கப்பட்டது. சிக்னலில் காத்திருக்காமல் வண்டிகள் ஹோப் காலேஜைக் கடந்து பறக்கின்றன. பாலத்தின் பெயர், ஜி.டி. நாயுடு மேம்பாலம்.