ரெக்கார்டு நோட்டில் இருந்த சுப்பாராவ்

ஆவடி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து இறங்கினால் பயோகெமிஸ்ட்ரி லேப். பாஸ்பரஸ் அளக்கும் சோதனையில் கரைசல் நீலமாகணும். 'ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை' என்று ரெக்கார்டில் எழுதினோமே, ஞாபகம் இருக்கா? அந்த சுப்பாராவ் யாருன்னு நான் அப்போ கேட்டதே இல்லை.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். படித்தது நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில். காந்தி சொன்னார் என்று கதர் அங்கியோடு ஆபரேஷன் வகுப்புக்குப் போனார், பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது. அரியர் வைத்த நண்பர்கள் கவனிக்கவும்!

ஸ்ப்ரூ நோய்க்கு அண்ணனையும் தம்பியையும் பறிகொடுத்தவர். அமெரிக்காவில் லெடர்லே கம்பெனியில் அவர் குழு, அந்த நோய்க்கும் ஒருவகை ரத்த சோகைக்கும் மருந்தான ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் அந்த வகைச் சேர்மங்களை ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்தார். நோய் வேகமாக முற்றியது. செல் பெருக ஃபோலிக் அமிலம் வேணும். அப்போ அதைத் தடுத்தால்? சுப்பாராவ் குழு அமினோப்டெரின் செய்து கொடுத்தது. 16 குழந்தைகளில் 10 பேர் தேறினார்கள். ஆனா கொஞ்ச காலத்துக்குத்தான்.

1948 ஜூனில் இந்த முடிவு அச்சில் வந்தது. ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார், வயது 53. அமினோப்டெரினின் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட்டும் அவர் குழு தந்ததுதான். ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு இன்னிக்கும் அதைக் கொடுக்கிறார்கள். குணமாகி வீடு திரும்பும் குழந்தைகளை அவர் பார்க்கவே இல்லை.